வேடியப்பன் கோயில் நடுகல் இரண்டு: சுண்ணாம்பு எடுப்பது, எழுத்தைப் படிப்பது, உடைந்ததை நிறுத்துவது எப்படி?

பெண்ணையாத்தங்கரை:

காவேரிப்பட்டினம் வட்டாரத்துல ஒரு வேடியப்பன் கோயில். செத்த வீரனுக்கு நட்ட நடுகல்லையே சாமியாக் கும்பிடுற இடம். ஊர்ப் பெயரைப் பொதுவில் போடலை. புதையல் இருக்குன்னு கல்லுக்கு அடியில தோண்டுற கூட்டத்துக்கு நாமே வழி காட்டின மாதிரி ஆயிடும்.

புளியமரத்தடியில ரெண்டு கல். முதல் கல் தரைக்கு மேல நாலடி உயரம், ரெண்டரை அடி அகலம், அரையடி கனம். வீரன் இடது கையில வில், வலது கையில வாள், உடம்புல அம்பு தைச்சிருக்கு. தலைக்கு மேல நாலஞ்சு வரி எழுத்து இருக்கிற மாதிரி தெரியுது, ஆனா வருஷா வருஷம் அடிச்ச சுண்ணாம்பு மூடிக்கிட்டிருக்கு. கீழ்ப்பாதி பூரா எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கன்னங்கரேல்னு கெடக்கு. ரெண்டாவது கல்லுல ஒருத்தன் புலியைக் குத்துறான். அது இடுப்பளவுல குறுக்கே உடைஞ்சு மேல்துண்டு பக்கத்துலயே சாய்ஞ்சு கிடக்கு.

கமிட்டி திட்டம் இதுதான்: ஆசிட் ஊத்திச் சுண்ணாம்பை எடுக்கிறது, வாட்டர் சர்வீஸ் மெஷினால கழுவுறது, உடைஞ்ச கல்லை இரும்புக் கம்பி வெச்சு சிமெண்டுல ஒட்டுறது, ரெண்டையும் கான்கிரீட்டுல நட்டுச் சுத்தி டைல்ஸ், மேல தகர ஷீட், கடைசியா எனாமல் பெயிண்ட். கும்பாபிஷேகத்துக்கு ரெண்டு மாசம் இருக்கு. யாரும் கெட்ட எண்ணத்துல செய்யலை. காரணம் சொன்னா கேட்டுக்குவாங்க. எது கூடாது, அதுக்குப் பதிலா என்ன செய்யலாம்னு விவரமா சொல்லுங்க. எழுத்தைப் படிக்க என்ன வழின்னும் சொல்லுங்க.


வட்டெழுத்து:

கேட்டுக்கொள்ளும் கமிட்டி கிடைத்தது பெரிய விஷயம். முதலில் ஆசிட் கேனை அந்த இடத்தை விட்டு எடுத்துவிடச் சொல்லுங்கள்.

தண்ணீர் ஒரு சொட்டு படுவதற்கு முன் கல் இப்போது இருக்கிற நிலை பதிவாக வேண்டும். நான்கு பக்கமும் உச்சியும் படம், படத்துக்குள் ஓர் அளவுகோல், முகம் பார்க்கும் திசை, இரண்டு கல்லுக்கும் இடையே உள்ள தூரம், ஜி.பி.எஸ். புள்ளி, நிலத்தின் சர்வே எண். கூடவே செல்போனில் கல்லைச் சுற்றி வந்து ஐம்பது அறுபது படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் மூன்றில் இரண்டு பங்கையாவது மறுபடி காட்ட வேண்டும். பின்னாளில் முப்பரிமாண உருவம் செய்ய அது போதும். உச்சி வெயிலில் எடுக்காதீர்கள், புடைப்பெல்லாம் தட்டையாகத் தெரியும்.

சுண்ணாம்பு: உங்கள் கல் நம் பக்கத்துக் கருங்கல் பலகையாகத்தான் இருக்கும். ஆசிட் சுண்ணாம்பைக் கரைப்பது உண்மை. ஆனால் மழையிலும் வெயிலிலும் நூற்றாண்டுகளாக நின்ற கல்லில் மேல்தோல் ஏற்கெனவே பூத்துப்போயிருக்கும். ஆசிட் அந்த மணி இடுக்குகளில் இறங்கும். கருப்பு அபிரகத்தில் உள்ள இரும்பு வெளியேறி மஞ்சள் கறை படியும். மிச்சம் தங்கும் உப்பு கல் நனைந்து காயும்போதெல்லாம் கரைந்து உறைந்து, கல்லைச் செதில் செதிலாக உரிக்கும். அந்தச் செதிலில்தான் எழுத்து இருக்கிறது. வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து வகையின் கீறல் பல கற்களில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. சர்வீஸ் மெஷினின் வேகத் தண்ணீரும் மணல் பீய்ச்சுவதும் அதே வேலையை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும்.

அதற்குப் பதில், பழைய பருத்தித் துணியை நனைத்துச் சுண்ணாம்பின் மேல் ஒட்டினாற்போலப் போட்டு, காயக் காய நனைத்து மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். பூச்சு நெகிழும். மூங்கில் சீவலைப் படுக்கவைத்து விளிம்பிலிருந்து ஏடு ஏடாகக் கிளப்பலாம். இரும்புக் கரண்டி, கம்பி பிரஷ், கொத்தனாரின் உளி எதுவும் வேண்டாம். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள், உள்ளங்கையளவு இடம் ஒரு நடைக்குப் போதும். எழுத்துக் குழிக்குள் இருக்கும் சுண்ணாம்பைத் தோண்டாமல் விடுவதே நல்லது. கறுத்த கல்லில் வெள்ளைக் குழி, படிக்கிறவனுக்கு உதவியே.

எண்ணெய்: புதிதாக ஊற்றியது என்றால் துணியால் ஒற்றி எடுக்கலாம். பல ஆண்டு எண்ணெய் விளக்குப் புகையோடு சேர்ந்து இறுகிய கறுப்புத் தோல் சீயக்காய்க்கு அசையாது. அதைத் தொல்லியல் துறையின் வேதியியல் ஆட்களிடம் விட்டுவிடுங்கள். பெட்ரோல், தின்னர் போட்டுத் தேய்த்தால் எண்ணெய் இளகி இன்னும் உள்ளே போகும். வெள்ளையும் சாம்பலுமாகப் படர்ந்திருக்கும் கல்பாசியையும் சுரண்டாதீர்கள், அதன் வேர் போன்ற இழைகள் கல்மணியைப் பிடித்துக்கொண்டு வரும்.

எழுத்தைப் படிக்க: மை, சாக்பீஸ், கோலமாவு வேண்டாம். நிலா இல்லாத இரவில் கேமராவை முக்காலியில் கல்லுக்கு நேராக நிறுத்துங்கள். ஒருவர் எல்.இ.டி. டார்ச்சைக் கல்லின் பரப்போடு ஒட்டினாற்போல, பத்துப் பதினைந்து பாகைச் சாய்வில், இரண்டு மூன்றடி தூரத்திலிருந்து பிடிக்க வேண்டும். முதலில் இடப்பக்கம், பிறகு மேல், வலம், கீழ், நடுமூலைகள் என்று எட்டுத் திசைக்கு எட்டுப் படம். இடையில் கேமரா அசையக் கூடாது. ஒரே திசை வெளிச்சத்தில் படிக்கிறவர்கள் தவறுவது இங்கேதான்: வெளிச்சம் வரும் திசைக்கு இணையாக ஓடும் கோட்டில் நிழல் விழாது. இடப்பக்க வெளிச்சத்தில் காணாமல் போன கிடைக்கோடு மேல் வெளிச்சத்தில் வந்து நிற்கும். பகலில்தான் முடியும் என்றால் கறுப்புக் குடையால் கல்லுக்கு நிழல் கட்டி, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்புங்கள்.

வரிகள் தலைக்கு மேலோடு முடியும் என்று எண்ண வேண்டாம். செங்கம் பக்கம் எடுத்தனூர்க் கல்லில், பல்லவ அரசன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எருமை மந்தைக்காக உயிர்விட்ட கருந்தேவகத்திக்கு ஒரு வாசகம். அவன் கூடவே நின்று கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாய்க்குத் தனியாக ஒரு வாசகம். உங்கள் கல்லிலும் காலடி, பக்க ஓரம், வில்லுக்கும் உடம்புக்கும் இடையில் உள்ள வெற்றிடம் எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். காலருகே கெண்டி (மூக்குள்ள நீர்ச்செம்பு), சிமிழ் (சிறு மூடிப் பேழை) செதுக்கியிருந்தால் அதையும் குறியுங்கள்.


தகடூர்வாசி:

சட்டம் பக்கம் சுருக்கமா சொல்லிடறேன். தானா நிக்கிற கல்லுக்கு வி.ஏ.ஓ. மூலமா தாசில்தாருக்கு ஒரு மனு, நகல் தருமபுரி அகழ்வைப்பகத்துல (தொல்லியல் துறையோட காட்சிக்கூடம்) இருக்கிற தொல்லியல் அலுவலருக்கு. அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணுக்குள்ள இருந்து புதுசா ஏதாவது வந்தா கணக்கு வேற: 1878ஆம் வருஷப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லியாகணும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புன்னாலே போதும். கோயில் அறநிலையத்துறைக் கட்டுப்பாட்டுல இருந்தா திருப்பணிக்கு அவங்க அனுமதியும் வேணும்.

சொன்னா கல்லைத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு ஊருல பயம் இருக்கும். பூசை நடக்கிற கல், ஊரே காவலா நிக்கிற கல், அங்கேயே இருக்கிறதுதான் நல்லதுன்னு மனுவிலேயே எழுதி ஊர்க்காரங்க கையெழுத்து வாங்கிடுங்க. வயக்காட்டுல கேட்பாரத்துக் கிடக்கிற கல்லு அகழ்வைப்பகத்துக்குப் போகட்டும், அதுல தப்பில்ல. உங்களுது அந்த மாதிரி இல்ல.


பெண்ணையாத்தங்கரை:

நன்றிங்க ரெண்டு பேருக்கும். ஆசிட்டை நிறுத்தியாச்சு. ரெண்டு சந்தேகம். தொல்லியல்காரங்க வர்றதுக்கு முன்னால நாமே மைப்படி (கல்லுல ஈரத்தாளை ஒட்டி மை தட்டி எடுக்கிற நகல்) எடுத்து வெச்சுக்கலாமா? பால் அபிஷேகம், கற்பூரம் எல்லாத்தையும் நிறுத்துன்னா ஊரு ஒத்துக்காது, அதுக்கு என்ன வழி? உடைஞ்ச கல்லைப் பத்தியும் யாராவது சொன்னா நல்லாருக்கும்.


வட்டெழுத்து:

பழகாத கையால் முதல் மைப்படியை இந்தக் கல்லில் எடுக்க வேண்டாம். துறை நடத்தும் கல்வெட்டுப் பயிற்சியில் சேர்ந்து வேறு கல்லில் பழகுங்கள். முறையை மட்டும் சொல்கிறேன், வருகிறவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்கவாவது உதவும்.

சுண்ணாம்பும் எண்ணெயும் நீங்கிய பரப்பில்தான் தாள் ஒட்டும். பிசுக்கு இருந்தால் தாள் வழுக்கிக்கொண்டே இருக்கும். மேப்லித்தோ என்ற அச்சுத்தாளை எழுத்துப் பரப்பைவிட நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டி, தண்ணீரில் நனைத்து, மேலிருந்து கீழாக ஒட்ட வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக் குமிழைத் தள்ளிவிட்டு, நீண்ட மயிர் பிரஷால் செங்குத்தாகத் தட்டினால் தாள் எழுத்துக் குழிக்குள் இறங்கும். தேய்த்தால் கிழியும்.

அடுத்து வருவது பொறுமை. தாளின் மினுமினுப்பு அடங்கி, புறங்கை வைத்தால் குளிர்ச்சி இருந்தும் ஈரம் ஒட்டாத நேரம் ஒன்று வரும். மை போட அதுதான் நேரம். அதற்கு முன் போட்டால் மை பரவி எழுத்துக் குழியை அடைத்துவிடும், தாளைத் தாண்டிக் கல்லிலும் இறங்கும். காயவிட்டால் ஓரம் எழும்பி, குழிக்குள் இறங்கிய தாள் மேலே வந்துவிடும். கரித்தூளும் பிசினும் சேர்ந்த மையைத் தட்டில் மெல்லப் பரப்பி, துணி ஒற்றியில் தொட்டு, முதலில் வேறு தாளில் நாலு தட்டு தட்டிவிட்டுப் பிறகு கல் மேல். ஒரே தடவையில் கறுப்பாக்க முயலாமல் மூன்று நான்கு சுற்று மெல்லியதாகத் தட்டினால் எழுத்து வெள்ளையாக நிற்கும். உரித்ததும் பின்பக்கத்தில் ஊர், தேதி, மேல் கீழ் குறி. வீரன் உருவத்துக்கு மைப்படி வேண்டாம். புடைப்பில் தாள் கிழியும், படமே போதும்.

படிக்கும்போது: நம் வட்டாரத்தின் பல்லவர் காலக் கற்கள் பெரும்பாலும் வட்டெழுத்து. தொடக்கம் "கோவிசைய" என்று வரும், அடுத்து அரசன் பெயர், "பருமற்கு" (வர்மனுக்கு), ஆட்சியாண்டு. பிறகு யாருடைய சேவகன், எந்த ஊர்த் தொறு (மாட்டு மந்தை), கொண்டானா மீட்டானா, கடைசியில் "பட்டான் கல்" (இறந்தவனின் கல்). இந்தச் சட்டகம் மனதில் இருந்தால் தேய்ந்த இடம் புரியும். ஆனால் அதே சட்டகம் ஏமாற்றவும் செய்யும்: இருக்கும் என்று எதிர்பார்த்த சொல்லைக் கண் தானாக எழுதிக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி பெரும்பாலும் இராது, எகர ஏகார வேறுபாடு தெரியாது, பகரமும் வகரமும் தேய்ந்த கல்லில் ஒன்றுபோல நிற்கும். ஊர்ப்பெயர், ஆள்பெயர் இரண்டிலும் அவசரப்படாதீர்கள். பொதுவாக, சோழர் காலத்துக்கு வந்துவிட்டால் தமிழ் எழுத்து. ஓசூர்ப் பக்கம் கன்னடமும் கிடைக்கும்.

பெயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை. "எழுத்து தெரியட்டும்" என்று எழுத்தின் மேல் பெயிண்ட் ஓட்டுவதைத் தடுத்துவிடுங்கள். அப்புறம் எடுக்கிற ஒவ்வொரு படமும் பெயிண்ட் அடித்தவர் என்ன படித்தாரோ அதைத்தான் காட்டும்.


கட்டுச்சாந்து:

உடைஞ்ச கல்லுக்கு வர்றேன். அந்த இரும்புக் கம்பி யோசனைதான் எல்லாத்துலயும் ஆபத்து. துருப் பிடிச்ச இரும்பு பழைய அளவைவிடக் குறைஞ்சது ரெண்டு மடங்கு இடம் கேட்கும். கல்லு விரிஞ்சு கொடுக்காது, வெடிச்சுக் கொடுக்கும். இன்னிக்கு ரெண்டு துண்டு, இருபது வருஷத்துல அஞ்சு துண்டு.

இதை உலகம் பூராப் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. இங்கிலாந்துல ஊர்த் தேவாலயத்து முற்றத்துல நிக்கிற இடைக்காலக் கற்சிலுவைகளை எடுத்துக்கோங்க. அமைப்பு நல்லா யோசிச்சது: கீழ படிக்கட்டு, அதுக்கு மேல நடுவுல சதுரக் குழி வெட்டின பீடக்கல், குழிக்குள்ள இறங்குற முளையோட நெட்டைத் தண்டு, உச்சியில சிலுவைத் தலை. பல இடத்துல குழிக்கும் முளைக்கும் நடுவுல ஈயத்தை உருக்கி ஊத்துவாங்க. ஈயம் துருப் பிடிக்காது, மெதுவா நெளிஞ்சு கொடுக்கும். 16ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தத்துலயும், 1643இல் பாராளுமன்றம் போட்ட உத்தரவுலயும் முக்கால்வாசிச் சிலுவைகளோட தலை போச்சு. இப்போ பல ஊர்ல இருக்கிறது படியும் பீடமும் மொட்டைத் தண்டும்தான். சில தண்டு மேல சூரியக் கடிகாரத்தை வெச்சுட்டாங்க. குளோஸ்டர்ஷயர்ல ஆம்ப்னி குரூசிஸ்னு ஒரு ஊர். அங்க சிலுவைத் தலையை யாரோ கோயில் சுவருக்குள்ளயே வெச்சு மூடியிருந்திருக்காங்க, 19ஆம் நூற்றாண்டுல கிடைச்சு மறுபடி தண்டு மேல ஏத்தினாங்க.

அந்த நூற்றாண்டுல நல்ல மனசோட இரும்பு முளையும் சிமெண்டும் போட்டுப் பழுது பார்த்த இடங்கள்ல, இன்னிக்கு அந்த இரும்பை எடுக்கிறதே பெரிய வேலை. அதுவும் அவங்களது நிறைய மென்மையான சுண்ணாம்புக்கல், மணற்கல். நம்ம கருங்கல்லு தாங்கும், ஆனா இரும்புத் துருவை அதுவும் தாங்காது.

உங்களுக்கு நான் சொல்ற வழி: ஒட்டவே வேண்டாம். கீழ்த்துண்டை அது இருக்கிற இடத்துலயே நேரா நிறுத்துங்க. மேல்துண்டை அதுக்குப் பக்கத்துல, அதே முகம் பார்த்து, தனியா ஒரு முட்டுக்கல் கொடுத்து நிறுத்துங்க. உடைஞ்ச வாயில சாந்தோ எபாக்சிப் பசையோ தடவாதீங்க. ரெண்டு வாயும் பொருந்துறது பின்னால சரியா ஒட்ட நினைக்கிறவனுக்கு ஒரே ஆதாரம். துறை ஆட்கள் ஒட்டினா துருப்பிடிக்காத எஃகு முளை வெச்சுச் செய்வாங்க. அதுக்கும் கல்லுல துளை போடணும், துளையைத் திரும்ப மூட முடியாது. அந்த முடிவை கமிட்டி எடுக்க வேண்டாம்.

தூக்குறது: நீங்க சொன்ன முதல் கல்லு தரைக்கு மேல மட்டும் அஞ்சு கன அடி வருது. கருங்கல் கணக்குல சுமார் 380 கிலோ, மண்ணுக்குள்ள இருக்கிறது தனி. கடப்பாரையும் நாலு ஆளும் போதும்னு நினைச்சா விளிம்பு பெயரும், யாரோ ஒருத்தர் காலும் போகும். ஜே.சி.பி. பக்கெட் கிட்டவே வரக் கூடாது. முக்காலி போட்டு ஒரு டன் செயின் பிளாக், நைலான் பெல்ட், பெல்ட்டுக்கும் கல்லுக்கும் நடுவுல மடிச்ச சாக்கு. ஆனா முதல் கல்லு நேரா, ஆடாம நிக்குதுன்னா அதைத் தொடவே தொடாதீங்க. திருப்பணின்னா எல்லாத்தையும் பிடுங்கி நடணும்னு எந்தச் சட்டமும் இல்ல.

சாய்ஞ்ச கல்லை நட்டே ஆகணும்னா: கல்லோட அடியில உளி படாத கரடு முரடான பகுதி இருக்கும், அதுதான் நட்டவன் மண்ணுக்குள்ள விட்ட அளவு. அதே கோடு வரைக்கும் புதைங்க. குழிக்கு அடியில மூணு அங்குலம் சரளை, தண்ணி வடிய. நாலு பக்கமும் உருண்டு போகாத உடைகல்லால ஆப்பு, அப்புறம் மண்ணும் சரளையும் கலந்து ஆறு அங்குலத்துக்கு ஒரு தடவை கெட்டிச்சு நிரப்புங்க. கான்கிரீட் ஏன் கூடாதுன்னா, அது கல்லைச் சுத்திக் கழுத்துப்பட்டி மாதிரி இறுகி, மழைத் தண்ணியை அந்த மட்டத்துலயே தேக்கி வெக்கும், சிமெண்ட் உப்பும் அதோட சேரும். கல்லு பொரியறது சரியா அந்தக் கோட்டுலதான். நாளைக்கு எடுக்கணும்னாலும் உடைக்காம எடுக்க முடியாது.

டைல்ஸ் போடுங்க, ஆனா கல்லைச் சுத்தி ஒரு அடி விட்டு அதுல ஜல்லி கொட்டிடுங்க. தரை மட்டத்தை ஏத்தாதீங்க. ரெண்டு திருப்பணிக்கு ஆறு ஆறு அங்குலம் ஏத்தி, வீரன் முழங்காலோட நிக்கிற கோயில் நம்ம மாவட்டங்கள்ல பஞ்சமே இல்ல. கீழ இருந்த எழுத்தும் அதோட போச்சு. தகர ஷீட்டு விளிம்பு கல்லுல இருந்து ரெண்டடியாவது வெளியே போகணும், இல்லேன்னா மழைக்கு மழை கூரைத் தண்ணி ஒரே இடத்துல ஊத்திக் கோடு போடும்.


வட்டெழுத்து:

கட்டுச்சாந்து அண்ணன் சொன்னதோடு பூசை விஷயம் மட்டும். அபிஷேகத்தை நிறுத்த வேண்டியதில்லை. பல ஊர்களில் பழைய கல்லுக்கு முன்னால் சிறு கல் ஒன்றை வைத்து எண்ணெய், பால், தயிர், பஞ்சாமிர்தம் எல்லாம் அதற்கே செய்கிறார்கள். பழைய கல்லுக்குத் தண்ணீர் மட்டும், பூமாலை, வேட்டி. கல்லை நட்ட காலத்திலேயே அதை நீராட்டும் சடங்கு உண்டு, ஆகவே பூசாரியிடம் இது புது வழக்கம் என்று சொல்ல வேண்டியிருக்காது. தயிரிலும் பழத்திலும் உள்ள புளிப்பு ஒரு பக்கம், இனிப்புக்கு வரும் எறும்பும் பூஞ்சையும் இன்னொரு பக்கம்.

கற்பூரத்தைக் கல்லின் காலடியில் வைத்து ஏற்றாதீர்கள். சூட்டில் கருங்கல்லில் கண்ணாடி போலத் தெரியும் குவார்ட்ஸ் மணிகள் மற்றவற்றைவிட அதிகமாக விரியும், அந்த இடம் மட்டும் சில்லாகத் தெறிக்கும். மூன்றடி தள்ளி ஒரு தட்டு மேடை கட்டிவிட்டால் விளக்கும் கற்பூரமும் அங்கேயே. மஞ்சள் குங்குமம் நெற்றியளவில் வைத்தால் போகட்டும், எழுத்து வரிகளின் மேல் வேண்டாம். ஈர வேட்டியை நாள்கணக்கில் கட்டியே விடாமல் பூசை முடிந்ததும் அவிழ்த்துவிடச் சொல்லுங்கள்.


பெண்ணையாத்தங்கரை:

முதல் கல்லை அசைக்காம விடறதுக்கும், சுத்தி ஒரு அடி ஜல்லிக்கும் கமிட்டி ஒத்துக்கிச்சு. வி.ஏ.ஓ. கிட்ட மனு கொடுத்தாச்சு. பெயிண்ட்தான் இன்னும் இழுபறி, "வேடியப்பனுக்குக் கலரே இல்லாம எப்படி"ன்னு கேட்கிறாங்க.


கட்டுச்சாந்து:

கல்லுக்குப் பின்னால ஒரு அடி தள்ளிச் சுவர் எழுப்பி, அதுல வேடியப்பனைக் குதிரையோட, வில்லோட எவ்வளவு பெருசா வேணும்னாலும் கலர்ல எழுதச் சொல்லுங்க. பெயிண்டர் காசும் வீணாகாது. சுவர் கல்லைத் தொடக் கூடாது, அஸ்திவாரம் தோண்டும்போது கல்லோட அடிமண் சரியாம பார்த்துக்கோங்க.